கிளினிக் நேரத்தை யார் வைப்பது?

தோட்டத்துச் சுகாதாரம் பற்றிப் பேச்செழுந்தால் முதலில் கட்டடம் வரும். அடுத்ததாக டொக்டர் வருவார். 2017 மே மாதம் டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரியைப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். நோர்வூட் மைதானத்தில் மலையகமே திரண்டு நின்றது. கட்டில் கூடியது நல்லதே. ஆனால் கேகாலை மாவட்டத்து அரநாயக்கப் பக்கத்து லயமொன்றில் இரத்தசோகையோடு கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்திக்கு டிக்கோயாவில் கட்டில் இருந்து என்ன? ஒரு வருடத்தில் அவள் சந்திக்கும் சுகாதார ஊழியர்களை வரிசையாக எண்ணினால் டொக்டர் கடைசியில்தான் வருவார். முதலில் வருபவர் மருத்துவமாது. அடுத்து, கிளினிக்கில் நிறை பார்த்து அட்டையில் எழுதுபவர். அதற்கும் அடுத்து, வார்ட்டில் ஊசி போடும் தாதி. இந்த வரிசையை நடத்துபவர் யார், அவருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று நாம் கேட்பதே குறைவு. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களின் சுகாதாரம் பெருமளவு அந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது. அதனால் அதை ஆறுதலாக விளக்க முயல்கிறோம்.

அரநாயக்கவை நாடு அறிந்தது ஒரு பேரிழப்பினால். 2016 மே 17ஆம் திகதி சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயமும் புதைந்தது. அரநாயக்கவின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. களுபஹன அந்தச் செய்திகளின் அடியில் ஒரு வரியாக வந்தது. யாரையும் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்த சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களின் நிலையே இப்படித்தான்: பக்கத்தில் பெரிதாக ஒன்று இருக்கும், இவை அதன் ஓரத்தில் இருக்கும்.

நுவரெலியாவில் மலை மலையாகத் தோட்டம். தோட்டத்து மக்களே அங்கு பெரும்பான்மை. பிரதேச சபையிலும் கச்சேரியிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் தமிழ் கேட்கும். கேகாலை மாவட்டத்தில் அப்படியில்லை. யட்டியந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் பெரிய தோட்டங்கள் உண்டு. மற்ற இடங்களில் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகத் தோட்டங்கள், மேட்டில் தேயிலை, பள்ளத்தில் இறப்பர். பல தோட்டங்கள் பெரிய பிராந்தியக் கம்பனிகளின் கையில்கூட இல்லை, தனியாருடையவை. ஓரிடத்தில் பத்து லயக் குடும்பங்கள், மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் பதினைந்து. எந்தத் தேர்தலையும் புரட்டிப்போடும் தொகை இதில் கிடையாது. தனியாக ஒரு ஆஸ்பத்திரி கேட்டு வாங்கவும் போதாது. இப்படிச் சிதறியிருக்கும் மக்களைத் தேடிப் போகக்கூடியது நடந்து போகும் சேவை ஒன்றுதான்.

அந்தச் சேவை இலங்கையில் இருக்கிறது. உலகமே மெச்சும் சேவை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. ஒரு பிரதேசத்துக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரத் தாதி, பரிசோதகர், வீடு வீடாகப் போகும் மருத்துவமாதர் என்பதுதான் அமைப்பு. இன்றும் எலும்புக்கூடு அதுவே. 1930களில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கு மேல் தாய்மார் இறந்த நாடு இது. இன்று அந்த எண்ணிக்கை சில பத்துகளில் நிற்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் ஒற்றையடிப் பாதையில் பையோடு ஏறிய மருத்துவமாது இல்லாமல் அந்த வீழ்ச்சி நடந்திருக்காது என்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

தோட்டம் அந்த அமைப்புக்குள் முழுதாக வரவேயில்லை. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளர் வைத்தியத்துக்கென்று தனிச் சட்டம் ஒன்று போட்டார்கள். 1912இல் அதைப் புதுப்பித்தார்கள். தொழிலாளியின் வைத்தியம் தோட்டத் துரையின் பொறுப்பு, அரசு மேற்பார்வை மட்டும் பார்க்கும் என்பது அவற்றின் சாரம். 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் கொக்கிப்புழு ஒழிப்புக்கு வந்தபோதும் முதலில் தோட்டங்களுக்குத்தான் போனது. கூலிக்காரரின் உடம்பில் இரத்தம் ஊறினால் உற்பத்தி ஏறும் என்ற கணக்கு துரைமாருக்கு விளங்கியது. கருணையும் கணக்கும் ஒரே பையில் வந்த காலம் அது. 1948இல் பிரஜாவுரிமை பறிபோனபின் தோட்டத்து ஆள் அரசின் கண்ணில் குடிமகனாகவே இல்லாமல் போனான். நாடு முழுவதும் இலவச வைத்தியம் விரிந்த அதே ஆண்டுகளில் தோட்ட எல்லைக்குள் டிஸ்பென்சரியே கதி.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. அப்போது அமைக்கப்பட்ட நிதியம்தான் பின்னாளில் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர் பெற்றது. கம்பனித் தோட்டங்களின் சுகாதாரம், வீடு, பிள்ளைக் காம்பரா என்னும் குழந்தைப் பராமரிப்பு நிலையம் எல்லாம் அதன் பார்வையில் வந்தன. தோட்ட ஆஸ்பத்திரிகளில் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது, பலவற்றை ஏற்கவில்லை. நிதியத்தின் கை எட்டாத தனியார் தோட்டங்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. அரநாயக்க போன்ற இடத்தில் கவனிக்க வேண்டியவை முதலில் அவைதான்.

ஆக ஒரு கர்ப்பிணித் தாய்க்கு இன்று இரண்டு வாசல்கள். ஒன்று தோட்டத்தின் வாசல்: தோட்ட வைத்திய உதவியாளர், லயத்துப் பேச்சில் ‘தோட்டத்து டொக்டர்’, இருந்தால் தோட்டத்து மருத்துவமாதும். மற்றது அரசின் வாசல்: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அதன் கிளினிக், அதன் மருத்துவமாது. முன்னவருக்குச் சம்பளம் கம்பனி தருகிறது, பின்னவருக்கு அரசு. இருவரும் ஒரே பெண்ணைப் பார்க்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது ஆளுக்காள் வேறுபடும். இரண்டு வாசலுக்கும் நடுவே நின்று, இந்தப் பெண் எங்கே விடுபட்டாள் என்று பார்க்க ஒருவர் வேண்டும். அமைப்பில் அதற்கென்று ஒரு பதவி உண்டு, பொதுச் சுகாதார தாதிய சகோதரி. மருத்துவமாதரை மேற்பார்வை செய்வதும், கிளினிக்கை ஒழுங்கு செய்வதும், பதிவேடுகளைச் சரிபார்ப்பதும் அவர் வேலை. வார்ட்டில் அனுபவம் பெற்ற தாதியைத் தேர்ந்தெடுத்து, களுத்துறைத் தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனத்தில் பயிற்றுவித்து அனுப்பும் பதவி அது. தோட்டத்துச் சுகாதாரத்தில் தாதியர் தலைமை என்று நாம் சொல்வது முதலில் இவரைத்தான்.

இவருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? மிச்சமிருக்கும் பிரச்சினைகளின் தன்மையைப் பார்த்தால் விளங்கும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போவது இன்று கிட்டத்தட்ட முழு நாட்டிலும் வழமையாகிவிட்டது. நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிள்ளைகள் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. டொக்டரும் சத்திரசிகிச்சைக் கூடமும் தீர்க்கக்கூடிய பெரிய சிக்கலை நாடு பெருமளவு தீர்த்துவிட்டது. தீராதது வேறு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவ 17.3 சதவீதம். தோட்டப்புறத்தில் அது 31.7. பத்தாண்டுகளுக்கு முந்திய அளவீட்டில் தோட்டத்தின் எண்ணிக்கை 40ஐத் தொட்டிருந்தது, ஆகவே முன்னேற்றம் இல்லையென்று சொல்ல முடியாது. இருந்தும் மூன்று பிள்ளைகளில் ஒன்று குட்டையாக நிற்கிறது.

இந்த 31.7ஐ எந்த வைத்திய நிபுணரும் வார்ட்டில் வைத்துக் குறைக்க முடியாது. தாய் கர்ப்பம் தரிக்கும் முன்பே அவளுடைய இரத்தம் குறைவாக இருக்கிறது. இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கிறார்கள். வெறும் தேத்தண்ணியோடு அதை விழுங்கினால் அதன் பயன் குறைந்துவிடும். திரிபோஷாச் சத்துமாப் பைக்கற் கிடைக்கும் மாதத்தில் அதை வீட்டிலுள்ள எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போனால் தாய்ப்பால் நேரம் தவறுகிறது. ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஒவ்வொன்றையும் ஆளோடு ஆள் பேசித்தான், அதுவும் ஒரு தடவையல்ல, பல தடவை பேசித்தான் மாற்ற முடியும். புகையிலை சேர்த்து வெற்றிலை போடும் பழக்கத்தால் வாயில் வரும் வெள்ளைத் தழும்பை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதும், 35 வயது கடந்த பெண்ணைச் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரவைப்பதும் இந்த வகை வேலையே. 2017 முதல் ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்படுகிறது. ஊசி ஏன் என்று லயத்தில் பாட்டிக்கு விளக்கினால்தான் அடுத்த ஊசிக்குப் பிள்ளை வரும்.

இனி நேரத்துக்கு வருவோம். தலைப்பில் உள்ள கேள்வியும் அதுதான்.

தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் நாள் காலை ஏழரைக்குப் பிரட்டில், அதாவது ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் கூட்டத்தில், தொடங்கி மாலை கொழுந்து நிறுத்த பிறகே முடிகிறது. வழமையான கிளினிக் காலை எட்டரை, ஒன்பதுக்குத் தொடங்கி மதியத்தோடு முடியும். இரண்டும் ஒரே நேரம். கிளினிக் போனால் அன்றைக்குப் பேர் (நாட்சம்பளப் பதிவு) விழுமா, அரைப்பேரா, ஒன்றுமில்லையா என்பது தோட்டத்துக்குத் தோட்டம், கங்காணிக்குக் கங்காணி மாறும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது. சம்பளம் உயர்ந்த அளவுக்கு ஒரு கிளினிக் நாளின் இழப்பும் உயர்ந்தது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. த்ரீவீல் கூலியையும் சேர்த்தால் இலவச வைத்தியம் அந்தப் பெண்ணுக்கு இலவசமாக இல்லை. அவள் வராவிட்டால் அட்டையில் ‘வரவில்லை’ என்று விழும். கூட்டத்தில் அது ‘தோட்டத்து மக்களுக்கு அக்கறை போதாது’ என்று மாறிவிடும். இந்த வாக்கியத்தைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் அட்டையைப் பார்த்தார்கள், பிரட்டுக்களத்தைப் பார்க்கவில்லை.

இறப்பர் தோட்டத்தில் நாள் வேறு மாதிரி. பால்வெட்டு விடியுமுன் தொடங்கும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். மதியத்துக்குள் பாலை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டால் பிற்பகல் ஓரளவு கையில் இருக்கிறது. ஆகவே இறப்பர் தோட்டத்துக்குப் பிற்பகல் இரண்டு மணிக் கிளினிக் பொருந்தும். தேயிலைத் தோட்டத்துக்குச் சம்பள நாளோ ஞாயிறோ பொருந்தலாம். சப்ரகமுவவில் இரண்டு பயிரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஒரே அட்டவணையை எல்லாத் தோட்டத்துக்கும் ஒட்டினால் அது ஒன்றுக்கும் ஒட்டாது. இதைத் தெரிந்து வைத்திருப்பவர் மருத்துவமாது. மாற்றச் சொல்லக்கூடியவர் தாதிய சகோதரி. மாற்றுகிற அதிகாரம் வைத்திய அதிகாரியிடம். இந்தச் சங்கிலியில் நடுக்கண்ணி தளர்ந்திருந்தால், கீழே தெரிந்த விஷயம் மேலே போய்ச் சேர்வதில்லை. நல்ல தாதிய சகோதரி ஒருவர் வந்த இடங்களில் கிளினிக் நேரம் மாறியதையும், அவர் இடமாற்றம் பெற்றுப் போனதும் பழையபடி ஒன்பது மணிக்குத் திரும்பியதையும் தோட்டத்து மக்கள் கதையாகச் சொல்வார்கள். ஒரு ஆளின் நல்ல மனசில் தொங்கும் ஏற்பாடு அவரோடு போய்விடும். அதை அந்தப் பதவியின் அதிகாரமாக எழுதி வைத்தால்தான் நிற்கும்.

மொழியைப் பற்றி நம் பத்திரிகைகள் நிறைய எழுதியிருக்கின்றன, கோபத்தோடும் எழுதியிருக்கின்றன. சட்டம் நம் பக்கம்தான். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் எந்த அரச அதிகாரியோடும் தமிழில் தொடர்பு கொள்ளலாம், பதில் பெறலாம். பிரதேசச் சனத்தொகையில் எட்டிலொரு பங்குக்கு மேல் மொழிச் சிறுபான்மையினர் இருந்தால் அந்தப் பிரிவை இருமொழிப் பிரிவாக அறிவிக்கவும் இடமுண்டு. சிதறிக் கிடக்கும் தோட்டங்களுக்கு இந்த எட்டிலொன்று எட்டாக்கனி. தனிமனித உரிமை ஏட்டில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு வார்ட்டில் அது எப்படி நடக்கும் என்பதுதான் சிக்கல்.

விடியலுக்கு முன் பால் வெட்டப் போன ஒருவரைப் பாம்பு கொத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேகாலை, இரத்தினபுரி இறப்பர்க் காடுகளில் அதிகம் தட்டுப்படுவது சிங்களத்தில் ‘குணகட்டுவா’ என்கிற, மூக்கு நுனி மேல்நோக்கிய சின்ன விரியன். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் தயாரானது. இந்தச் சின்ன விரியனுக்கு அது வேலை செய்யாது. பெரும்பாலும் வீக்கத்தோடு போய்விடும். சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும். ஆகவே எந்தப் பாம்பு, எத்தனை மணிக்கு, வீட்டில் என்ன மருந்து கட்டினார்கள், கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்பதெல்லாம் தாதிக்குத் தெரிந்தாக வேண்டும். மழைக்காலத்து எலிக்காய்ச்சலும் இப்படித்தான். வயலிலோ கானிலோ இறங்கினாயா என்ற ஒரு கேள்வி சிகிச்சையையே திருப்பும். அந்தக் கேள்விக்குப் பதிலை இன்று பல இடங்களில் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கிறது. அம்மாவின் மாதவிலக்கு பற்றிய கேள்வியையும் அந்தப் பிள்ளைதான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.

கருத்தடை விஷயத்தில் இது இன்னும் பாரமானது. 1980இல் அரசு நிரந்தரக் கருத்தடைக்குப் பணக்கொடுப்பனவு தொடங்கியது. அந்தக் காலத்திலும் அதன் பிறகும் தோட்டத்துப் பெண்கள் முழுதாக விளங்காமல் கையெழுத்து வைத்தார்கள் என்ற முறைப்பாடு மலையகத்தில் நெடுநாளாக உண்டு. மானிடவியலாளர்களும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். விளங்கிய மொழியில் கேட்டுப் பெறாத சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நினைவு இன்றும் மருத்துவமாது கதவைத் தட்டும்போது கூடவே வருகிறது. நம்பிக்கையைத் திரும்பக் கட்டும் வேலையும் தாதியர் தலையில்தான் விழுகிறது, அவர்கள் செய்யாத பிழைக்காக.

மாவனல்லையில் ஒரு வாய்ப்பு நம் கண்முன்னே இருக்கிறது, ஏனோ பேசுவதில்லை. அங்கே பெரிய முஸ்லிம் சமூகம் உண்டு. ஸாஹிரா போன்ற பாடசாலைகளில் பிள்ளைகள் தமிழ் மொழிமூலம் படித்து வெளியேறுகிறார்கள். சிங்களமும் நன்றாக வரும். அரநாயக்கவில் வருத்தம் கூடினால் நோயாளியை இறக்கும் ஆஸ்பத்திரிகளில் ஒன்று மாவனல்லை. தோட்டத் தமிழரின் சுகாதாரம் என்பதைத் தமிழ்க் கட்சிகளின் கோரிக்கையாக மட்டும் வைக்காமல், தமிழ் பேசும் முஸ்லிம் தாதியரையும் மருத்துவமாதரையும் இந்தத் தோட்டங்களுக்கான அணியில் சேர்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். மொழித் தேர்வு எழுதிச் சான்றிதழ் எடுத்த சிங்களத் தாதியரும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் லயத்து வழக்கில் பேசுவதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

இதே முடிச்சை வேறு நாடுகள் எப்படி அவிழ்க்கப் பார்த்தன? அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் சமூகத்தின் கதை நமக்கு மிகவும் கிட்டியது. பனாமாவில் பிறந்த இல்தவுரா முரில்லோ ரோடே 1945இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்குத் தாதியாகப் போனார். ஊரில் பெருந்தொகையினர் ஸ்பானிய மொழிக்காரர். தாதியரில் அவர்களைக் காண்பதே அரிது. நோயாளிக்கு வலிப்பதைத் தாதியால் அறிய முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1975இல், அவர் முன்னின்று ஒரு சங்கம் அமைத்தார்; இன்று அது ஹிஸ்பானியத் தாதியரின் தேசியச் சங்கம். அந்தச் சமூகத்துப் பிள்ளைகளைத் தாதியர் கல்விக்குள் கொண்டுவருவதும், அவர்களைக் கொள்கை முடிவெடுக்கும் மேசைவரை ஏற்றுவதும் அதன் வேலை. அரை நூற்றாண்டு கழிந்தும் கணக்கு நேராகவில்லை: 2020 கணக்கெடுப்பில் சனத்தொகையில் அவர்கள் 18.7 சதவீதம், பதிவுபெற்ற தாதியரில் ஏறத்தாழ 7 சதவீதம். ஆனால் அங்கே அந்த இடைவெளியை எண்ணுகிறார்கள். 2016இல் வந்த விதியொன்று, அவசர நிலை தவிர, சிறுபிள்ளையை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைத் தடுத்தது. நம் ஆஸ்பத்திரிகளுக்கு இந்த ஒரு விதியை மட்டும் இரவல் வாங்கினாலே பெரிய காரியம்.

இன்னும் கிட்டிய உதாரணம் நீலகிரியில் இருக்கிறது. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் இங்கிருந்து அனுப்பப்பட்டவர்கள் பலர் கூடலூர்ப் பக்கத் தேயிலையில்தான் குடியேறினார்கள். அவர்களுக்காகவே தமிழக அரசு டான்டீ தோட்டங்களைத் தொடங்கியது. அதே கூடலூரில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் என்னும் ஆதிவாசிகள் ஆஸ்பத்திரி என்றால் அஞ்சி ஒதுங்கியிருந்தார்கள். டொக்டர்கள் ஷைலா தேவியும் நந்தகுமார் மேனனும் சேர்ந்து கட்டிய அஷ்வினி அமைப்பு 1990இல் அங்கே ஆதிவாசி ஆஸ்பத்திரியைத் தொடங்கியபோது, வெளியிலிருந்து தாதியரைத் தேடவில்லை. அந்தக் குடியிருப்புகளிலிருந்தே இளம்பெண்களை எடுத்துப் பயிற்றுவித்தார்கள். பிரசவ அறையிலும் மருந்தகத்திலும் பிறகு நிர்வாகத்திலும் அந்தப் பெண்களே நின்றார்கள். மூன்று வருடப் பட்டயப் படிப்புக்கு அது ஈடென்று நாம் சொல்லவில்லை, இலங்கையின் சட்டம் அதை அனுமதிக்கவும் செய்யாது. தன் மொழிக்காரி ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதைப் பார்த்ததும் மக்கள் உள்ளே வந்தார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் நம் லயத்துப் பெண்பிள்ளை ஏன் தாதியாவதில்லை? ஆசை இல்லாமல் அல்ல. தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் சித்தியடைய வேண்டும். சப்ரகமுவத் தோட்டப்புறங்களில் தமிழ் மொழிமூல விஞ்ஞானப் பிரிவு முறையாக நடக்கும் பாடசாலைகள் மிகக் குறைவு. சாதாரணதரத்தில் கணக்கும் விஞ்ஞானமும் நன்றாகச் செய்த பிள்ளைகூட வேறு வழியின்றிக் கலைப்பிரிவுக்குப் போகிறாள், பின் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைக்கோ கடைக்கோ போகிறாள். இரத்தினபுரியில் தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கும் அதற்கும் நடுவே இருப்பது இரண்டு வருட உயர்தர வகுப்பு. தமிழில் வைத்தியம் படிப்பிக்க முடியுமா என்று இன்றும் கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி: மானிப்பாயில் அமெரிக்க மிஷனின் டொக்டர் கிறீன் 1864இலேயே தமிழில் வைத்திய வகுப்பு நடத்தத் தொடங்கிவிட்டார்.

படிக்க வைத்தால் அவர்களும் வெளிநாடு போய்விடுவார்களே என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் எத்தனையோ தாதியர் விமானம் ஏறினார்கள். இவர்களிலும் சிலர் போவார்கள். ஆனால் பின்தங்கிய பகுதியில் ஊழியரைத் தங்கவைக்க அந்தப் பகுதியில் வளர்ந்தவரைத் தேர்ந்தெடுப்பது உதவும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இலேயே வழிகாட்டியது. மருத்துவமாது பதவி தாதியர் பதவியைவிட ஊரோடு ஒட்டியது, அதிலிருந்து தொடங்கலாம். அதற்கும் முந்திய படி நம்மிடம் ஏற்கெனவே உண்டு. பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் பெரும்பாலும் அந்தத் தோட்டத்துப் பெண்களே. எந்தக் குழந்தை காலையில் சாப்பிடாமல் வந்தது, எந்தத் தாய் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்பது மருத்துவமாதுக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். அவர்களைச் சுகாதார அணியின் கண்ணாகவும் காதாகவும் யாரும் முறைப்படி சேர்க்கவில்லை.

தாதியருக்கு அதிகாரம் கூடினால் டொக்டருக்குக் குறையும் என்ற பயமும் உண்டு, வெளியில் சொல்லப்படுவது குறைவு. நோயை நிர்ணயிப்பதும் மருந்து எழுதுவதும் டொக்டரின் வேலையாகவே இருக்கும். தாதிய சகோதரிக்கு வேண்டியவை மூன்று: தோட்டங்களின் கிளினிக் அட்டவணையை மாற்றும் உரிமை, தோட்ட நிர்வாகத்தோடு நேராகப் பேசும் உரிமை, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பெண் என்ன ஆனாள் என்று திரும்பக் கேட்கும் உரிமை. வார்ட்டிலிருந்து வெளியேறும் தாயின் துண்டுச் சீட்டு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்து, அதைத் தோட்டத்து டொக்டர் பார்க்காமல், அரச மருத்துவமாதும் பார்க்காமல், கூரைக்கம்பில் செருகிக் கிடப்பது மூன்றாவது உரிமை இல்லாததன் விளைவு.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் மாதாந்தக் கூட்டம் நடக்கிறது. மருத்துவமாதர் தங்கள் கணக்குகளோடு அங்கே வருகிறார்கள். தோட்ட வைத்திய உதவியாளரும், தோட்டத்து மருத்துவமாது இருந்தால் அவரும், அந்த மேசையில் கதிரை பெறலாம். தனியார் தோட்டமென்றால் நிர்வாகத்திலிருந்து ஒருவரை அழைக்கலாம். தாதிய சகோதரி அங்கே தோட்டங்களைத் தனியாக எடுத்து, ஒவ்வொன்றிலும் நிறை குறைந்த பிள்ளை எத்தனை, கிளினிக் தவறிய தாய் எத்தனை, ஏன் தவறினாள் என்று கேட்கட்டும். பணம் தேவைப்படுவது ஓரிடத்தில்தான். பிற்பகல் கிளினிக்கும் ஞாயிற்றுக் கிளினிக்கும் ஊழியருக்கு மேலதிக நேரம். அதற்குக் கொடுப்பனவு வேண்டும், மலைக்குப் போய்வர வாகனமும் வேண்டும். மாகாணச் சுகாதாரத் திணைக்களம் தன்னிடம் நிதி இல்லை என்று சொல்லும், கம்பனி அது அரசின் வேலை என்று சொல்லும். 1872 முதல் தோட்டத்துச் சுகாதாரத்தில் நடந்துவரும் இழுபறி இதுவே. கிளினிக்குக்கு வந்த பெண்ணுக்கு அன்றைய பேரை முழுதாகப் போடுவது கம்பனியின் பங்காகவும், ஊழியரின் மேலதிக நேரமும் வாகனமும் மாகாணத்தின் பங்காகவும் இருக்கட்டும் என்பது எமது யோசனை. சம்பள உயர்வுக்காகப் பேச உட்காரும் தொழிற்சங்கங்கள், அடுத்த முறை இந்தக் கிளினிக் பேரையும் மேசையில் வைக்கலாம்.